ஜோயல் வண்டிக்குக் கட்டிய கேரியர்

தோணிரேவு,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகன் ராகுலுக்கு நைனா எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதை முதலில் எழுது. இங்கே உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தவிர வேறு தொல்லை இல்லை, நானும் சுகம்தான். எளாவூரில் சுபஸ்ரீயின் குழந்தைக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, மாமனான உன்னைப் போலவே தூக்குகிறவர்களை எல்லாம் கடிக்கிறான். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தைத் தேடினான் என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்று கேட்பாள், இதை அவள் கேட்கக் கூடாது. வியாழக்கிழமை நீலமேகம் பஹ்ரைனுக்கு விமானம் ஏறுகிறான், அவனுக்கும் நீ இருக்கிற துறைமுகத்தில்தான் படகு வேலையாம், அவன் கையில் காய்ந்த இறாலும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். இறாலை எல்லோருமாகத் தின்னுங்கள், கடிதத்தை மட்டும் நீ தனியாக உட்கார்ந்து படி.

உன்னோடு படித்த திருப்பாலைவனம் ஜோயல் ஒரு பழைய டிரெய்லர் வாங்கியிருக்கிறான், கார் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வண்டி, உள்ளே இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, அதுதான் மொத்த வீடு. பூநாரை பார்க்க வருகிறவர்களை அதில் தங்கவைத்து ஏரிக்கரையில் நிறுத்துகிறான். உள்ளே ஆள் படுத்தால் பெட்டி வைக்க இடமில்லை, அதனால் மேலே ஒரு கேரியர் வேண்டும், பட்டணத்துக் கடையில் சொன்ன விலைக்கு இன்னொரு டிரெய்லரே வாங்கலாம் என்று என்னிடம் வந்து நின்றான். நான் சும்மா இருக்கிறவனா. அந்தக் கூரை வெறும் தகடு, பாரம் வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். தோணியில் பாரத்தைத் தாங்குவது பலகை இல்லை, உள்ளே விலா எலும்பு மாதிரி நிற்கிற வங்குக் கட்டைதான், இதிலும் அப்படித்தான் என்று பக்கச் சுவரைத் தட்டித் தட்டி உள்ளே சட்டம் ஓடுகிற இடத்தைக் கண்டுபிடித்தேன். அங்கே ஆங்கிள் இரும்பில் பக்கத்துக்கு மூன்று கால் வைத்து போல்ட்டு போட்டேன், மழைத்தண்ணீர் இறங்காமல் ஒவ்வொரு காலுக்கும் அடியில் லாரி ட்யூபை வெட்டிக் கொடுத்தேன். அதன் மேல் நீளவாக்கில் இரண்டு சவுக்குக் கழி, குறுக்கே ஏழு கம்பு, எல்லாவற்றையும் பழைய வலைக்கயிற்றால் கட்டினேன், பள்ளத்தில் விழுந்தாலும் கயிறு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பார்த்தால் நீயே மெச்சியிருப்பாய்.

நீளக் கழியில்தான் நான் செய்யக் கூடாததைச் செய்தேன். வாங்கி வந்த இரண்டில் ஒன்று கோணல். உன் அம்மா அன்றைக்கு எளாவூரில் இருந்தாள், துறைச் சேற்றில் நீ நட்டுவிட்டுப் போன உன் கழி அம்பு மாதிரி நேராக நின்றுகொண்டிருந்தது. வெளிநாடு போகிறவன் நட்ட கழியை அவனே திரும்பி வந்துதான் பிடுங்க வேண்டும், போய்ச் சேர்ந்தவனுடைய கழியைத்தான் ஊரார் பிடுங்கி, படுக்கப் போட்டு, பாடைக்கு நீளக் கம்பாகக் கட்டுவோம். இது உனக்கும் தெரியும். முப்பது வருஷமாக இந்தத் துறையில் பாடை கட்டுகிற எனக்குத் தெரியாதா. தெரிந்தேதான் பிடுங்கினேன். அந்தக் கோணல் கழியை அதே குழியில் நட்டுவிட்டால் யார் கண்டுபிடிப்பார்கள் என்று பெரிய சாமர்த்தியம் எனக்கு. அது புதன்கிழமை. சாயங்காலம் உன் அம்மா பஸ் இறங்கி வந்தாள், டிரெய்லர் மேலே பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, "யாரு போய்ட்டாங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். நீளத்துக்கு இரண்டு, குறுக்கே ஏழு, ஓர் ஆள் நீளம், ஓர் ஆள் அகலம். முடிச்சுக்கூட நான் பாடைக்குப் போடுகிற இடதுகை முடிச்சு. மனசு கேரியர் கட்டியது, கை அதற்குத் தெரிந்ததைக் கட்டிவிட்டது. அவளிடம் ஏதோ சொல்லிச் சமாளித்தேன், அது உன் கழி என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

மறுநாள் ஜோயல் வண்டியை இழுத்துக்கொண்டு போனான். திருப்பாலைவனம் ரோட்டில் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கினார்களாம், எதிரே வந்த பஸ் ஓரம் கட்டி நின்றதாம், டீக்கடையில் இருந்தவர்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்களாம். ஜோயல் சிரித்துக்கொண்டே சொன்னான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை அதில் தங்கிய புருஷன் பெண்டாட்டி மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருக்கிறார்கள், மேலே யார் படுத்துப் புரளுகிறது, கொஞ்சம் இறங்கச் சொல்லுங்கள் என்று அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அவன் ஏறிப் பார்த்தால் ஆள் இல்லை, கட்டிய பெட்டிகளை யாரோ ஓரமாக ஒதுக்கி நடுவில் இடம் பண்ணியிருந்தார்கள். உன் கழியின் நுனியிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டியது. மாசி மாத வெயிலில் எங்கே மழை. தொட்டு நாக்கில் வைத்தேன் நைனா, உப்புக் கரித்தது என்றான். அப்போது அவனும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை பாடு முறைக்குப் பெயர் கூப்பிட்டார்கள், யாருக்கு எந்த நாள், ஏரியில் எந்த இடத்தில் வலை என்று. நீ ஊரில் இல்லாததால் உன் பெயருக்கு நான்தான் குரல் கொடுப்பேன். பட்டியல் படிக்கிற ஆதிகேசவன் உன் பெயரைச் சொன்னதே என் காதில் விழவில்லை, அடுத்தவனுக்குப் போய்விட்டான். என் பிள்ளை பெயரை ஏன் விட்டாய் என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "இன்னா கோதண்டம், உம் புள்ளைய கூப்டேனே. உம் பின்னாடி நின்னு அவனே குரல் குடுத்தான், நீ காதுல வாங்கல?" என்றான். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது, சுற்றிலும் நாற்பது பேர் இருந்தார்கள், நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவ்வளவு பயம் ராகுல், என் பிள்ளையைப் பார்க்க எனக்கே பயம். மறுநாள் உன் ஓனர் ஆபீசுக்குப் போன் போட்டேன். புதன்கிழமையிலிருந்து உங்கள் படகோடு பேச்சில்லை, தேடுகிறோம், பயப்பட ஒன்றுமில்லை என்று ஒருவன் பயந்த குரலில் சொன்னான். உன் அம்மாவிடம் உனக்கு அங்கே சிக்னல் இல்லை என்று சொன்னேன்.

வண்டியைக் கொண்டுவரச் சொல்லி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நான் போட்ட முடிச்சு, என் விரலுக்கே இறுகிக் கல்லாகிக் கிடந்தது. ஜோயல் கத்தியை எடுத்தான், நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பாடைக் கயிற்றைக் காரியம் முடிந்த பிறகுதான் வெட்டுவது, வெட்டினால் உன் காரியம் முடிந்ததாக ஆகிவிடும். கட்டிய பாடை நம் துறையில் வெறுமனே திரும்பியதும் இல்லை. இரண்டு நாள் யோசித்தேன், வேறு வழி தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜோயலைச் சாப்பிட வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் மேலே ஏறி, தலையைத் தெற்கே வைத்து, காலை நீட்டிப் படுத்தேன். எனக்கு அளவெடுத்த மாதிரிதான் இருந்தது. "கட்டினது நானு. ஏத்திக்கிறதுன்னா என்னைய ஏத்திக்க, அவன விட்ரு" என்று வாய்விட்டுச் சொன்னேன். டயருக்கு முன்னும் பின்னும் கல் வைத்திருந்தது, இருந்தும் யாரோ கரையிலிருந்து தள்ளிவிட்ட தோணி மாதிரி வண்டி மெல்ல அசைந்து, ஆடி, அப்புறம் நின்றது. நான் இறங்கி வந்து முடிச்சைத் தொட்டேன், விரல் பட்டதும் கழன்றது. துறையில் நின்ற கோணல் கழியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, உன் கழியை அதன் குழியிலேயே நட்டுவிட்டேன். ஜோயலுக்கு இரும்பு பைப்பு போட்டு, போல்ட்டு அடித்து, நுனிக்கு மூடி வைத்துக் கொடுத்தேன், முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

அன்றைக்கே ஐந்து மணிக்கு ஆபீசிலிருந்து போன் வந்தது. எஞ்சின் நின்று ஒன்பது நாள் மிதந்தீர்களாம், மத்தியானம் ஒரு கப்பல் பார்த்துக் கயிறு போட்டதாம், நான்கு பேரும் உயிரோடு இருக்கிறீர்களாம். நான் துறையில் உட்கார்ந்து அழுதேன், கண்ணில் மண் விழுந்துவிட்டது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை கண்ணு, சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். வெள்ளிக்கிழமையிலிருந்து என் முதுகு மட்டும் காய மாட்டேன் என்கிறது. சட்டை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டேன், பாய் நனைந்துவிடுகிறது, துடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. வேர்வையாகவும் இருக்கலாம்.

உன் உடம்பு தேறும்வரை படகு ஏறாதே, தண்ணீர் நிறையக் குடி, கூட இருந்த மூன்று பேரையும் சொந்த அண்ணன் தம்பியாக வைத்துக்கொள். இங்கிருந்து என்ன சேதி வந்தாலும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வராதே, நிதானமாக வா. உன் கழியை நீயே உன் கையால் பிடுங்கி, கல்யாணம் கட்டி, பிள்ளை குட்டியோடு நூறு வயசு இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். பதிலை உன் கையாலேயே எழுது, உன் அம்மாவுக்கு உன் கையெழுத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். உறையின் மேல் என் பெயரைப் போட வேண்டாம். மனோரமா என்று அவள் பெயருக்கே போடு.

உன் நைனா
கோதண்டம்