அண்ணியின் களைப்பு

மார்ச் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நலமாகிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகம்தானே?

போனில் பேசினால் நீ சத்தம் போடுவாய், நான் அழுவேன், உன் அண்ணன் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்குவார். அதனால்தான் கடிதம். இதில் யாரும் குறுக்கே பேச முடியாது, பார்.

போன மாதம் உன் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு நான் சோபாவில் கண்ணயர்ந்துவிட்டேன். "அண்ணிக்கு பஸ்லயும் உக்காந்த வேலை, வீட்லயும் உக்காந்த வேலை. சோம்பேறித்தனத்துக்குக் கை கால் முளைச்சா இப்படித்தான் இருக்கும்" என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. மூடியிருந்தது கண்தான், காது இல்லை. இருபது பேர் சிரித்ததும் கேட்டது. எழுந்து உட்காரத் தெம்பில்லாமல் தூங்குகிறவள் போலவே கிடந்தேன்.

இப்போது செய்தி. பத்து நாளைக்கு முன் சிவப்பு விளக்கில் பேருந்தை நிறுத்தினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது பின்னாலிருந்து வந்த ஹாரன் சத்தம்தான். விளக்கு எப்போது பச்சையானது என்று தெரியவில்லை. என் முதுகுக்குப் பின்னால் நாற்பத்தோரு பேர். அப்படியே ஓரம் கட்டி, மாற்று ஓட்டுநரை வரச் சொன்னேன். டிப்போவுக்குப் போய் மேலாளர் மேஜைமேல் சாவியை வைத்தேன்.

"என்னம்மா, லீவு வேணுமா?" என்றார்.

"இல்ல சார். என்னை நம்பி இனிமே வண்டியக் குடுக்காதீங்க."

பதினொரு வருடத்தில் ஒரு கீறல் விழாத வண்டி என்னுடையது.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி வேலைநிறுத்தம் செய்துகொண்டிருக்கிறதாம். உடம்பு கனத்தது, முடி கொட்டியது, எல்லாரும் விசிறிக்கொள்ளும்போது எனக்கு மட்டும் குளிரெடுத்தது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு ஹார்மோன்தான் காரணமாம். "ரொம்ப நாளா உங்க உடம்பு முதல் கியர்லயே மேடு ஏறிட்டு இருக்கும்மா" என்றார் டாக்டரம்மா. அந்த அறையில் அப்படி அழுதேன். பயத்தில் இல்லை. சோம்பேறி இல்லை என்று தெரிந்த சந்தோஷத்தில்.

அதை உன்னிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது.

உன் அண்ணி


மார்ச் 21

அண்ணிக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. விளையாட்டுக்குச் சொன்னதை இவ்வளவு தூரம் மனசில் வைத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கவில்லை. யாருக்குத்தான் களைப்பு இல்லை? பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வரிசையில் அறுபது பெண்களை மேய்க்கிறேன். ஒன்பது மணி நேரம் நின்ற கால். வீட்டுக்கு வந்தால் அடுப்பு, துணி, பிள்ளைகளின் பாடம். ஐந்து மணி நேரம் தூங்கினால் அதிகம். கம்பெனியில் எனக்குச் 'சூறாவளி' என்று பட்டப்பெயர். சூறாவளி எங்காவது சோபாவில் படுக்குமா?

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. இத்துடன் ஒரு டப்பா பொடி அனுப்பியிருக்கிறேன். 'ஹார்மோனைச் சமன் செய்து ஏழே நாளில் குதிரை பலம்' என்று போட்டிருக்கிறது. பேக்கிங்கில் பாதிப் பேர் இதைத்தான் குடிக்கிறார்கள். மாத்திரையைத் தொட்டால் ஆயுசுக்கும் விடாது, யோசித்துக்கொள்ளுங்கள்.

சாவியை நீங்களாகக் கொடுத்தது அவசரம். விட்ட இடம் திரும்பக் கிடைக்குமா?

நாத்தனார்


மே 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

பொடிக்கு நன்றி. டாக்டரம்மாவிடம் காட்டினேன். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, "குதிரையும் இல்ல, பலமும் இல்ல. மாத்திரை வேலையக் கெடுக்காம இருந்தா சரி" என்று சொல்லி, டப்பாவைத் தன் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளாதே.

மாத்திரை ஆயுசுக்கும்தான். ஆனால் அது புதிதாக ஒன்றும் இல்லை. என் உடம்பு செய்ய வேண்டியதைச் செய்யாததால் வெளியிலிருந்து கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் காபியைத் தொடக் கூடாது. உன் அண்ணன் காபியை உறிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டு அந்த ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வீட்டில் கொலை விழும். அதனால் நடக்கப் போய்விடுகிறேன். முதல் வாரம் தெரு முனைத் தபால் பெட்டி வரைக்கும்தான் முடிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடிதம் போட வந்தவர் நான் நகர்வதற்காகக் காத்திருந்தார்.

ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறேன் என்று மாத்திரை அளவைக் கூட்டினார்கள். ஷிப்ட் மாற்றி மாற்றி ஓட்டியதில் தூக்கமும் கந்தலாகிவிட்டதாம், அதையும் தைக்க வேண்டுமாம். ஞாயிறானாலும் ஒரே நேரத்தில் படுக்கை. செல்போனுக்குச் சமையலறையில் படுக்கை. மதியத்துக்கு மேல் காபி கிடையாது. காலையில் முட்டையோ பயறோ வயிற்றுக்குள் போயாக வேண்டும். கேட்டால் 'இவ்வளவுதானா' என்று இருக்கும். செய்து பார், தெரியும்.

நேற்று மாடிப்படி இருபத்திரண்டையும் ஏறிவிட்டு, மூச்சு வாங்கவில்லையே என்று நானே அதிசயப்பட்டேன். இறங்கி மறுபடி ஏறினேன்.

"எதையாவது மறந்துட்டியா?" என்றார் உன் அண்ணன்.

"ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று மூன்றாவது தடவையும் ஏறினேன்.

ஐந்து மணி நேரத் தூக்கத்தை நீ பெருமையாக எழுதியிருந்தாய். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

உன் அண்ணி


ஜூன் 30

அண்ணிக்கு,

நாலு மாதம் மாத்திரை போட்டதும் எனக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள். எனக்கு ஒன்றும் இல்லை. ஓடுகிற வரைக்கும் ஓடுவேன். என்னை யாரும் தூக்கி நிறுத்தியதில்லை.

நாத்தனார்

பி.கு.: மதியத்துக்கு மேல் காபி குடித்தால் என்ன ஆகுமாம்? நான் மாலையில் மூன்று குடிக்கிறேன். தெரிந்துகொள்ளக் கேட்டேன், வேறொன்றுமில்லை.


செப்டம்பர் 12

என் சூறாவளிக்கு,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டே படிப்பாய் என்று தெரியும், இதை மட்டும் உட்கார்ந்து படி.

ரத்தத்தில் அளவு சரியாகி இரண்டு மாதமாக அப்படியே நிற்கிறது. டாக்டரம்மா தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அதோடு டிப்போ விட்டுவிடுமா? மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், புதிதாக வேலைக்கு வருகிறவளைப் போல. கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நாற்பத்தோரு பேரில் ஒருத்தியாக நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

நேற்று காலை பத்து மணி. தேர்வு அதிகாரி கம்பங்களை நட்டு, அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து பின்னோக்கியே வந்து கொட்டகைக்குள் வண்டியை நிறுத்தச் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி. ஷிப்ட் முடித்த ஓட்டுநர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வரிசையாக நின்றார்கள். "ஏழு மாசம் படுத்துக் கிடந்துட்டு வந்திருக்கு, கம்பம் மிஞ்சாது" என்று ஒருவர் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது.

கம்பம் மிஞ்சியது. ஒன்றுகூட அசையவில்லை. ஒரே எடுப்பில், நிறுத்தாமல், திருத்தாமல் உள்ளே வைத்தேன். அப்புறம் சந்தை நெரிசலில் இரண்டு மணி நேரம் ஓட்டச் சொன்னார். இறங்கும்போது கண் சொக்கவில்லை. பசித்தது! களைப்பு இல்லாத வெறும் பசி எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

அதிகாரி தாளில் 'தேர்ச்சி' என்று எழுதியதும் கொட்டகைத் தகரத்தைத் தட்டித் தட்டி எல்லாரும் ஊரைக் கூட்டிவிட்டார்கள். கம்பம் மிஞ்சாது என்றவர்தான் பலமாகத் தட்டினார். மேலாளர் சாவியை நீட்டி, "நீங்களா வந்து குடுத்தீங்க பாருங்க, அதுக்காகவே வேற யாருக்கும் இந்த வண்டிய நிரந்தரமாக் குடுக்கல" என்றார். திங்கள் முதல் இருபத்தேழாம் எண் வழித்தடம். இனி காலை ஷிப்ட் மட்டும்.

எல்லா நாளும் இப்படி இருக்காது. சில காலையில் உடம்பு இன்னும் ஈர மூட்டையாகக் கனக்கிறது. அன்றைக்கும் தபால் பெட்டியைத் தாண்டி நடந்துவிட்டுத்தான் வருகிறேன்.

உன் அண்ணி


நவம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்துவிட்டேன்.

போன மாதம் பேக்கிங் வரிசையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். சூறாவளி உட்கார்ந்ததைப் பார்த்து அறுபது பேரும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். எனக்கும் உங்களுடையதுதான் என்று நினைத்து டாக்டரிடம் போனேன். சர்க்கரை, தைராய்டு, ரத்தச் சோகை எல்லாம் பார்த்தார். ஒன்றும் இல்லை. "உங்களுக்கு மாத்திரை கிடையாது. தூங்கணும். வீட்டு வேலையப் பிரிச்சுக் குடுக்கணும்" என்றார். மாத்திரையே எழுதாத டாக்டரை முதல் தடவையாகப் பார்த்தேன். உங்கள் மேல் பொறாமைகூட வந்தது.

இப்போது சாயங்காலத் துணி என் வீட்டுக்காரர் பொறுப்பு. மடிப்பைப் பார்த்தால் கண்ணீர் வரும், ஆனால் வாயைத் திறப்பதில்லை. தூக்கம் ஆறரை மணி நேரத்துக்கு வந்திருக்கிறது.

நேற்று நம் குடும்பக் குழுவில், அன்று சிரித்த அதே இருபது பேருக்கும் எழுதினேன்: 'அண்ணிக்கு உடம்பு சரியில்லை, எனக்குப் புத்தி சரியில்லை. நான் சொன்னது தப்பு.' நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள், உங்கள் செல்போன்தான் சமையலறையில் தூங்குகிறதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வியாழக்கிழமை லீவு போட்டு உங்கள் ஊருக்கு வந்தேன். இருபத்தேழில் பின்வாசல் வழியாக ஏறி, கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன். கடைசி நிறுத்தத்தில் முன்னால் வந்து காலைப் பிடித்தாவது பேச வேண்டும் என்றுதான் வந்தேன். தைரியம் வரவில்லை. வந்த வாசல் வழியாகவே இறங்கிப் போய்விட்டேன். மன்னிப்பீர்களா?

உங்கள் நாத்தனார்


நவம்பர் 10

கண்ணு,

ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு கண்ணாடி இருக்கும். அதில் கடைசி இருக்கை வரைக்கும் தெரியும். நீ மூன்றாவது நிறுத்தத்தில் ஏறியதைப் பார்த்தேன்.

நீ எழுதாமல் விட்டதையும் பார்த்தேன். பாலம் தாண்டுவதற்குள் ஜன்னலில் தலை சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாய். முப்பத்தைந்து நிமிடம். உன் தலை இடிக்காமலிருக்க ஒவ்வொரு திருப்பத்தையும் வெண்ணெய் மாதிரி எடுத்தேன். "என்னம்மா, இன்னைக்குத் தேர் ஓட்டுறீங்களா?" என்று முன்னிருக்கைக்காரர் கேட்டார்.

"பின்னாடி எங்க வீட்டுப் பொண்ணு தூங்குதுங்க" என்றேன்.

நான் ஓட்டும் வண்டியில் கண்ணை மூடித் தூங்கினாய். எனக்கு அதற்கு மேல் ஒரு மன்னிப்பும் வேண்டாம்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு ஓய்வு. பிள்ளைகளை அவர்கள் அப்பாவிடம் விட்டுவிட்டுப் புறப்படு. காலைச் சுற்றில் ஏறு. இந்தத் தடவை முன்வாசல் வழியாக.

உன் அண்ணி