வீட்டுக்குப் போகிறவர்களின் மருந்துத் தாள்

ஜூன் 3, செவ்வாய்

மருத்துவமனை ஆவணப் பிரிவில் பதினெட்டு வருடம் உட்கார்ந்ததற்கு இன்று ஒரு பலன். வீட்டுக்குப் போகும் நோயாளிகளிடம் கொடுக்கிற மருந்துத் தாளை இனி நான்தான் வடிவமைக்க வேண்டுமாம். பெரிய சிஸ்டர் கூப்பிட்டுச் சொன்னார். "யாருமே படிக்க மாட்டேங்கிறாங்கம்மா. வாங்கி நாலா மடிச்சுப் பையில வெச்சுக்கிறாங்க. அப்புறம் எனக்கு போன் பண்ணிக் கேக்கிறாங்க."

படிக்க முடிந்தால்தானே படிப்பார்கள்? இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ செய்துவைத்த ஏற்பாடு. நம் சொற்களோ நீளம். ஒரு வரியில் மூன்றே சொல், நடுவில் ஓட்டைப் பல் மாதிரி சந்து. அடுத்த வரியில் ஆறு சொல், மூச்சுவிட இடமில்லாத நெரிசல். கண் எங்கே போகும்? இதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு நாள் போதும்.

ஜூன் 5, வியாழன்

ஒன்றரை நாள்தான் ஆனது!

வலது ஓரத்தை அவிழ்த்துவிட்டேன். முன்னே பின்னே இருக்கட்டும். சொல்லுக்குச் சொல் ஒரே அளவு இடைவெளி, பழையதைவிடக் கொஞ்சம் தாராளமாக. வார்டு எழுத்தர்கள் ஸ்பேஸ் பட்டனை இஷ்டத்துக்குத் தட்டிவைப்பார்கள் — ஓரிடத்தில் இரண்டு, ஓரிடத்தில் ஐந்து. அதற்கும் ஒரு வழி செய்தேன். திரையில் ஒரு பட்டன். அழுத்தினால் தாள் முழுவதும் கூடுதல் இடைவெளியெல்லாம் போய், ஒன்றே ஒன்று நிற்கும்.

மூன்று தாளை எடுத்து வாசல் காவலரைச் சத்தம்போட்டுப் படிக்கச் சொன்னேன். பழைய வடிவத்துக்கு நான்கு நிமிடம், ஆறு தடவை தடுமாற்றம். புதியதற்கு இரண்டரை நிமிடம், தடுமாற்றம் ஒன்றே. "எழுத்தைப் பெருசாக்கிட்டீங்களா மேடம்?" என்றார். ஒரு புள்ளிகூட மாற்றவில்லை ஐயா.

மருந்தாளர் மட்டும் முகத்தைச் சுளித்தார். "இருக்கிறதை இருக்கிற மாதிரி விட்டா என்ன?" அவருக்கு மழை பெய்தாலும் குறை, வெயில் அடித்தாலும் குறை.

ஜூன் 9, திங்கள்

புதிய தாள் இன்றுமுதல். மதியத்துக்குள் எட்டுப் பேருக்குப் போய்விட்டது.

ஜூன் 11, புதன்

நாத்தனாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவருடைய அக்கா, நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு வாரம் எங்கள் மருத்துவமனையில் இருந்தார். இரத்த அழுத்தம் ஒரு நிலைக்கு வரும்வரை எங்களோடு இருக்கட்டும் என்று இவர் அழைத்து வந்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் என் வேலையை 'டைப் அடிக்கிறது' என்பதற்கு மேல் அவர் மதித்ததில்லை. இன்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைத் தானே படித்தார். யாரையும் கேட்கவில்லை. "பரவாயில்ல, புரியிற மாதிரி இருக்கு" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

"மதியம் ஆனா கண்ணை இருட்டுது, தலையத் தூக்க முடியல" என்கிறார் நாத்தனார். "விடாம டிவி பாத்தா அப்படித்தான்க்கா இருக்கும்" என்றேன். இவர் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

நடந்ததை இன்றே எழுதிவிடுகிறேன்.

மதியம் சாப்பிட்டதும் நாத்தனார் அட்டையிலிருந்து மஞ்சள் மாத்திரையைப் பிதுக்கினார். காலையில் ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று போடுவது, கொஞ்சம் தூக்கம் வரவைக்கும். "அக்கா, இது ராத்திரிக்கு இல்ல?" என்றேன். தாளை நீட்டினார். "நீ அடிச்ச தாள்தானே? பாத்துத்தான் போடறேன்."

பார்த்தேன். மேலே காலை, மதியம், இரவு. மாத்திரையின் பெயருக்கு நேரே 1, அதையடுத்து இன்னொரு 1. வார்டில் மதியத்துக்கு வெற்றிடம் விட்டுத்தான் அடித்திருக்கிறார்கள். ஆனால் கட்டம் போட்டு இல்லை, ஸ்பேஸ் பட்டனைப் பத்துத் தடவை தட்டித் தள்ளி! என் பட்டன் அதையும் கூடுதல் என்று தின்றுவிட்டது. இரவு மாத்திரை நகர்ந்து மதியத்தில் உட்கார்ந்துவிட்டது. நான் சோதித்த மூன்று தாளிலும் மூன்று வேளையும் மாத்திரை இருந்தது, அதனால் தெரியவில்லை. எவ்வளவு வேகமாகப் படிக்கிறார் என்று பார்த்தேனே — என்ன படிக்கிறார் என்று பார்த்தேனா?

ஐயோ, எத்தனை பேருக்குக் குடுத்தோம்? சர்க்கரைக்காரங்க எல்லாம் இருப்பாங்களே.

ஒரு நிமிடம் தோன்றியது, ஒளிக்கவில்லை: கட்டம் போடாதது வார்டு எழுத்தர்கள்தானே, அவர்கள் தலையில் கட்டிவிடலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. பட்டன் என்னுடையது.

"அக்கா, நாலு நாளா தப்பான நேரத்துல போட்டிருக்கீங்க. தப்பு என்னோடது." அவர் மாத்திரையை மேஜைமேல் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் டாக்டருக்கு போன் பண்ணிக் கேட்டுக்கறேன். நீ போ, மத்தவங்களுக்குச் சொல்லு."

பெரிய சிஸ்டருக்குச் சொல்லிவிட்டு, இவருடைய ஸ்கூட்டரில் ஓடினேன். மருந்தாளர் லீவு நாளில் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார், ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. நாற்பத்தொரு தாள். டாக்டர்களின் குறிப்போடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். ஒன்பது தப்பு. நாத்தனார் போக எட்டு. ஏழு பேர் போனில் கிடைத்தார்கள். எட்டாமவர் ஒரு தையல்காரர், சர்க்கரை நோய்க்காரர், எடுக்கவே இல்லை. வீட்டைத் தேடிப் போனோம். கதவைத் திறந்தவருக்கு உடம்பெல்லாம் வேர்வை. "ரெண்டு நாளா சாயங்காலம் ஆனா கை நடுங்குது. வயசாச்சுன்னு நெனச்சேன்" என்றார். உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். தேறிவிட்டார். நான் வெளி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

ஜூன் 16, திங்கள்

மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்: என் பட்டன், என் சோதனை, என் தவறு. கண்டனக் கடிதம் உண்டு. வாங்கிக்கொள்கிறேன்.

"பழைய தாளுக்கே போயிடலாமா?" என்றார். அங்கேதான் எனக்குக் குரல் திரும்பியது. "வேண்டாம் சார். பழைய தாளை யாரும் படிக்கல. இதைப் படிக்கிறாங்க, படிச்சபடி செய்யறாங்க. இடைவெளி சரி சார். கட்டம்தான் இல்ல. ஒரு வாரம் குடுங்க." மருந்தாளர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அந்த மனிதர் எதற்குமே தலையாட்டி நான் பார்த்ததில்லை.

ஜூன் 19, வியாழன்

நாத்தனார் தாளைத் தொடுவதில்லை. இவரைக் கேட்டுத்தான் மாத்திரை போடுகிறார்.

ஜூன் 24, செவ்வாய்

தயார். கோடு போட்ட கட்டம். மாத்திரை இல்லாத கட்டத்தில் 'வேண்டாம்' என்று முழுச் சொல். அந்தப் பட்டனை நீக்கிவிட்டேன். மருந்தாளரின் கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் வாசலைத் தாண்டாது.

இப்போது நான் நிமிடம் எண்ணுவதில்லை. தாளைக் கையில் கொடுத்து, "மதியம் என்ன போடுவீங்க?" என்று கேட்கிறேன். பன்னிரண்டு பேர், பன்னிரண்டும் சரி. தையல்காரரும் வந்து படித்தார். "இப்ப கண்ணு தானா அந்த இடத்துக்குப் போவுதுங்க" என்றார். என் வேலை எனக்குத் தெரியும், மறுபடியும் தைரியமாகச் சொல்கிறேன்.

நாத்தனாருக்கும் ஒன்று அடித்து மேஜைமேல் வைத்தேன். இன்னும் அங்கேயே இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

நாத்தனார் தன் வீட்டுக்குப் போய்விட்டார். கிளம்பும்போது புதிய தாளை மடிக்காமல் பெட்டியில் புடவைக்கு மேலே வைத்தார். பிறகு என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய், "தினம் ராத்திரி எட்டு மணிக்கு போன் பண்ணி, மாத்திரை போட்டாச்சான்னு கேளு" என்றார்.

"தாள்லயே தெளிவா இருக்கேக்கா."

"தாள் இருக்கட்டும். தம்பிகிட்ட சொன்னா மறந்துடுவான். நீ கேளு."

எட்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.