ஆள் தேறிவிட்டார்

தங்கச்சிக்கு,

நான் கத்திவிட்டுப் போனை வைத்த அன்றைக்கே நீ அனுப்பிய எடை மெஷின், உன் அத்தான் கண்மூடிய மறுவாரம்தான் வந்து சேர்ந்தது. பிரிக்க மனமில்லாமல் கட்டிலடியில் தள்ளிவிட்டேன்.

உன் வீட்டுக்காரருக்கும் அவருக்கும் ஒரே இதய நோய், ஒரே மாத்திரைகள். ஊர்தான் வேறு. அங்கே நர்ஸ் தினமும் காலையில் போன் செய்து எடை கேட்கிறாள். இங்கே டிஸ்சார்ஜ் சீட்டில் "மூன்று மாதம் கழித்து வரவும்" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

ஒல்லிக்குச்சியாக வீடு திரும்பியவருக்குப் பத்தே நாளில் கால் திரண்டு, சட்டை இறுகியதும், பூரித்துப்போய் உனக்குப் போன் செய்தேன்.

"ஆள் தேறிட்டாருடி!"

"அக்கா, அது சதை இல்ல, நீர். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றாய்.

"கண்ணு வைக்காதடி" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

அப்புறம் சாவுக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாயே, அந்தப் போனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருக்கலாம்.

நேற்று மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண்ணும் அவள் கணவரும். கையில் அதே மாதிரிச் சீட்டு. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "இப்பதான் இவருக்குக் கொஞ்சம் சதை புடிச்சிருக்கு" என்று அவள் சிரித்தாள்.

அடுத்த தெருவில்தானே வீடு, ஓட்டமாக வந்து, மெஷினைப் பிரித்து எடுத்துப் போனேன். "ஏறி நில்லுங்கண்ணே" என்றேன். சீட்டில் எழுதியிருந்த எடையைவிட ஐந்து கிலோ கூடுதல்.

"அஞ்சு கிலோவா!" என்று அவள் பூரித்தாள்.

அவர் கையைப் பிடித்து டாக்டர் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "எங்க வீட்டுக்காரர் நல்லாயிருக்கிறது உனக்குப் பொறுக்கலையா?" என்று கத்திக்கொண்டே அவள் பின்னால் வந்தாள்.

கத்தட்டும்டி.

உன் அக்கா