அவளிடம் மட்டும் நீங்கள் சொன்ன வலி

பக்கத்து வீட்டுக்காரி பித்தவெடிப்புக்கு வாங்கிய களிம்பை இன்று காலையில் கொண்டுவந்து காட்டினாள். மூடியைத் திறந்ததும் உங்கள் பாதங்களின் வாசனை வந்தது. உரிந்துபோன உங்கள் பாதங்களில் நான் தடவிய அதே களிம்புதான்.

புற்றுநோய் வந்த உங்கள் சிறுநீரகத்தை எடுத்த பிறகும் நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தபோது டாக்டர் நம்மை உட்காரவைத்துச் சொன்னார். இந்தப் புற்றுநோய் வழக்கமான கீமோவுக்கு அவ்வளவாகக் கட்டுப்படாதாம். கட்டிக்கு ரத்தம் போவதைத் தடுக்க ஒரு மாத்திரை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிட, டிரிப்ஸில் ஏற்றும் ஒரு மருந்து. இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம் என்றார்.

முதல் தடவை மருந்து ஏற்றிய அன்று பக்கத்துக் கட்டிலில் இருந்தவள்தான் விக்கிரமசிங்கபுரத்து இசக்கியம்மாள். அதே நோய், அதே மருந்து. வீடு திரும்பும்போது உங்களுக்கு அவள் தங்கச்சி, அவளுக்கு நான் மதினி.

மாத்திரையால் உங்கள் உள்ளங்கால் தோல் உரியத் தொடங்கியது. என்னிடம் "செருப்பு கடிச்சிட்டு" என்றீர்கள். கொஞ்ச நேரத்தில் வாசலில் நின்று போனில், "ஏ தாயி, நெருப்புல நிக்க மாதிரில்லா இருக்கு" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மருந்தினால் கம்மிப்போன குரலில் சிரிக்கவும் செய்தீர்கள்.

"என்ட்ட சொன்னா என்ன?"

"ஒன்ட்ட சொன்னா அழுதுருவ. அவ 'எனக்கும் அப்படித்தான் அண்ணாச்சி'ம்பா. அவ்வளவுதான்."

அந்த 'எனக்கும்' என்ற சொல்லுக்கு நான் எங்கே போவேன்? நோயில்லாத என் உடம்பின் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. என் புளிக்குழம்பு நாக்கை எரிக்கிறது என்று ஒதுக்கினீர்கள். அவள் தூக்குச்சட்டியில் கொண்டுவந்த ஆறிய உளுந்தங்கஞ்சியை வழித்துக் குடித்தீர்கள்.

அடுத்த ஸ்கேனில் அவளுக்குப் புள்ளிகள் சுருங்கியிருந்தன. உங்களுக்கு வளர்ந்திருந்தன. "தங்கச்சிக்கு மருந்து கேட்டுட்டு" என்று பூரித்துப்போனீர்கள். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். ஒரே மருந்து, அவளுக்கு மட்டும் ஏன்? டாக்டரிடமே கேட்டேன். "ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரிம்மா" என்றார். டிரிப்ஸை நிறுத்தி வேறு மாத்திரை கொடுத்தார். மீசை வெளுத்தது, வயிறு ஓயாமல் போனது. சில மாதம் மூச்சு லேசானது. பிறகு அதுவும் கைவிட்டது. நீங்களும் போய்விட்டீர்கள்.

போன வாரம் இசக்கியம்மாள் கூப்பிட்டாள்.

"மதினி, எனக்கும் அந்த மருந்து கேக்காமப் போச்சு. அண்ணாச்சி ரெண்டாவதா சாப்பிட்ட மாத்திரையத்தான் தந்திருக்காவ. அவியளுக்கு எப்படி இருந்துச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். வயிறு, வாய்ப்புண், ஏறி இறங்கிய பிரஷர். "தாங்க முடியலன்னா நீயா நிறுத்திராத. டாக்டர்ட்ட சொல்லு, அளவக் கொறைப்பாவ."

"இதெல்லாம் அண்ணாச்சி என்ட்ட சொல்லவே இல்லியே மதினி."

"என்ட்ட சொன்னாவ" என்றேன்.

சொன்னீர்கள். குளியலறைக்குப் போகும் வழியில் என் தோளில் முழுப் பாரத்தையும் சாய்த்து, "முடியலட்டி" என்றீர்கள். தேறி வருகிறவளைப் பயமுறுத்த வேண்டாமென்று அவளிடம் மறைத்திருக்கிறீர்கள்.

போனை வைத்த பிறகு அழுதேன், அவளுக்காகவும்தான். அவளுக்கு அந்த மாத்திரை கேட்கட்டும். ஆனால், உங்கள் 'முடியலட்டி' எனக்கு மட்டும்தான்.