நாற்பத்தொன்றாம் எண் முழங்கால்

ஆனி 20, புதன்

காலையில் தூறல், அப்புறம் காற்று. தறியில் பாவு நூல் அறுந்துகொண்டே இருந்தது. மதியத்துக்குள் பதினோரு முடிச்சு. துணி நெய்தேனா, முடிச்சு நெய்தேனா தெரியவில்லை.

தபால். குமரேசனுடையது, சீமை முத்திரை. மூன்று பக்கம். வழக்கமாக ஒரு பக்கம் தாண்டாது. எலும்பு வைத்தியத்தில் மேல்படிப்புக்கென்று அவன் கப்பலேறி மூன்று வருஷம், இரண்டு மாதம். நாள் கணக்கும் தெரியும். எழுத வெட்கம்.

விஷயம் இது. முழங்கால் மூட்டு நோய் பிடித்துக் கெட்டுப்போனால் அங்கே காலை நீட்டினபடியே ஒட்டி வைத்துவிடுவார்களாம். வலி போய்விடும். கால் மடங்காது. நாற்காலியில் வேலை, நாற்காலியில் சாப்பாடு, வெளிக்குப் போவதற்கும் நாற்காலி மாதிரி ஒன்று வைத்திருக்கும் ஜனங்களுக்கு அது போதும். நம் ஊர்க்காரன் பந்தியில் எப்படி உட்காருவான்? கால் விட்டு மிதிக்கும் தறிக்குழியில் எப்படி இறங்குவான்? இவன் கேட்டிருக்கிறான். பெரிய டாக்டர், "எவ்வளவு மடங்க வேண்டும்? கணக்கு கொண்டு வா" என்றிருக்கிறார்.

ஆக, நாற்பது நெசவாளிகளின் முழங்காலை அளந்து அனுப்ப வேண்டும். அளக்க வேண்டியவன் நான். எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் தங்கி, மூன்றாம் வருஷம் வாத்தியாரே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைத்த நான். சீமை ஆராய்ச்சிக்கு!

அளக்கும் கருவிக்குப் படம் போட்டிருக்கிறான். இரண்டு மரச்சட்டம், ஒரு திருகாணி, ஒரு பாகைமானி.

மூன்றாம் பக்கம் வேறு. அங்கேயே நிரந்தர வேலை தருகிறார்களாம். ஆவணி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அப்பா?"

பாவாயிக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது. மூன்றாம் பக்கத்தை வாசிக்கவில்லை.

"ஏனுங்க, காயிதம் மூணு இருக்குது. சத்தம் ரெண்டுக்குத்தான் வந்துது."

"மூணாவதுல படம்."

"படத்தப் பாத்தா மூஞ்சி இப்பிடிப் போவுமாக்கும்."

முப்பது வருஷம் குடித்தனம் செய்தால் எழுத்து தெரிய வேண்டியதில்லை போலும்.

ஆனி 22, வெள்ளி

ஆசாரியிடம் கருவி வாங்கி வந்தேன்.

"ஏனுங்க, இது கதவுக்குங்களா, சன்னலுக்குங்களா?"

"முட்டிக்கு."

ஆசாரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதுக்கும் கீல் வெக்கோணுமுன்னா சொல்லுங்க" என்றார்.

பாகைமானி பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் இரவல். படித்த காலத்தில் அதை வைத்து நிலா வரைந்து அடி வாங்கியிருக்கிறேன். அதற்கு வேறு உபயோகம் உண்டென்று இன்றுதான் தெரிந்தது.

செய்ய வேண்டியவை: நோட்டில் கோடு போட வேண்டும். ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். தறி மிதியின் கயிறு மாற்ற வேண்டும். இடது முட்டிக்கு விளக்கெண்ணெய்.

ஆனி 24, ஞாயிறு. அமாவாசை

தறிக்கு லீவு. அதனால்தான் இந்த நாளை வைத்தேன். மூளை!

எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, வெள்ளை வேட்டியில் கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தார்கள். ஆண்களுக்கு வாசலில் நான். பெண்களுக்கு உள்ளே பாவாயி. எண்ணை அவள் சத்தமாகச் சொல்ல, நான் வெளியிலிருந்து எழுதிக்கொண்டேன். உள்ளே ஒரே சிரிப்பு.

எதிர் வீட்டுச் செங்கோடன் மூச்சைப் பிடித்து, குதிகால் பிட்டத்தில் இடிக்கும்படி மடக்கினான்.

"மாமா, ரெண்டு கூடப் போட்டு எழுதுங்க. சீமைக்காரன் பாக்கறது. ஊரு மானம்."

"ரெண்டு கூடப் போட்டா உன் காலு முதுகுக்குள்ள போயிரும்டா."

நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். பேர் வேண்டாம், எண் போதும் என்று எழுதியிருக்கிறான். எண், வயசு, தறியில் எத்தனை வருஷம், வலது, இடது. என்னுடையதை எடுக்கவில்லை. பரிமாறுகிறவன் பந்தியில் உட்காருவதில்லை.

பட்டியலை மடித்து உறைக்குள் வைத்தேன். வேலை விஷயத்துக்குப் பதில்: "உன் இஷ்டம். உடம்பைப் பார்த்துக்கொள்." அதற்குக் கீழே ஒரு சொல் எழுதினேன். வா. அடித்தேன். தெரிந்துவிடுமோ என்று மேலும் அடித்தேன். பேனா முனை பட்டுக் காகிதம் ஓட்டை. வேறு தாள் இல்லை, அப்படியே ஒட்டினேன்.

கூப்பிட்டால் வந்துவிடுவான். அதுதான் பயம். கூப்பிட்டு வந்தவன் ஒவ்வொரு மழைக்கும் அந்த ஊரை நினைப்பான். அவனாக வந்தால் அது வேறு.

ஆடி 3, வியாழன்

காற்று. ஜன்னல் அடித்துக்கொண்டே இருக்கிறது. தறியில் வேலை பாதிதான்.

கெஜம் போய் மீட்டர் வந்த பிறகு நூல் கடைக்காரர் என்ன சொல்கிறார் என்று பாதி புரிவதில்லை. தலையாட்டுகிறேன். அவருக்கும் புரிவதில்லை என்று சந்தேகம்.

தறிமேடையில் பொடி டப்பா. அதற்குள் பொடி இல்லை. மெட்ராஸில் படிக்கிறபோது லீவுக்கு வந்தவன் ஒரு பெட்டி நிறைய எலும்பு கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தான். பாவாயி இரண்டு நாள் அந்த அறைக்குள் போகவில்லை. மூன்றாம் நாள் பெட்டிக்கு விபூதி பூசிவிட்டுப் போய்க் கூட்டினாள். அவன் திரும்பிப் போகிறபோது ஒன்று தங்கிவிட்டது. முழங்கால் சில்லு. எந்த ஊர்க்காரனுடையதோ. எழுதிக் கேட்டபோது "இருக்கட்டும் அப்பா, வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்றான்.

வேலை நடுவே சில சமயம் கையில் எடுத்துப் பார்க்கிறேன். வழவழப்பு. பிள்ளையை நினைக்க ஊரான் எலும்பை உருட்டுகிறவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான்.

இங்கே சாயங்காலம் ஐந்து என்றால் அங்கே மத்தியானமாம். சாப்பிட்டிருப்பான்.

ஆடி 16, புதன்

பதில் வந்தது.

"அப்பா, அறுபது வயசுக்காரர் முழங்காலெல்லாம் பத்து வயசுப் பையன் முழங்கால் மாதிரி இருக்கிறதே. எந்த நாள், எத்தனை மணிக்கு அளந்தீர்கள்?"

வாசித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். அமாவாசை! முதல் நாளே தறியை நிறுத்தி, எண்ணெய் முழுக்கு, மதியச் சாப்பாடு, தூக்கம், எல்லாம் முடித்து வந்து நீட்டின கால்கள். அவன் கேட்டது வேலை செய்கிற முழங்கால். நான் அனுப்பியது விருந்துக்கு வந்த முழங்கால்.

வேலை நாளில், சாயங்காலம், குழியை விட்டு ஏறினதும் பத்தடி நடப்பதற்குள் அளக்க வேண்டுமாம். முன்னாலேயே சொல்லாதது தன் தப்பு என்று எழுதியிருக்கிறான். நெசவுக்காரன் மகன் அமாவாசையை மறந்துவிட்டான். நெசவுக்காரன் நானே மறந்தேன், அவனைச் சொல்லி என்ன.

பாவாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பொண்ணு பாக்க வந்த மாதிரி சிங்காரிச்சுட்டு வந்தப்பவே நெனச்சனுங்க."

"நெனச்சா சொல்றதில்லையா?"

"ஆராச்சியில நமக்கென்னங்க பேச்சு."

கடிதத்தின் கடைசி வரி: "உங்கள் காகிதத்தில் ஒரு இடம் ஓட்டை. அங்கே என்ன இருந்தது?"

ஆடி 18, வெள்ளி

ஆற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம். தேங்காய், காப்பரிசி, கூட்டம். பாவாயி தண்ணீரில் நின்று ரொம்ப நேரம் கும்பிட்டாள். திரும்பி வரும்போது,

"மூணாம் பக்கத்த ஆத்தாகிட்டச் சொல்லிட்டனுங்க."

"எந்த மூணாம் பக்கம்?"

"அவன் அங்கயே இருந்துக்கறதுன்னு எழுதுனது."

"இருந்துக்கறேன்னு எழுதல. இருக்கட்டுமான்னு கேட்டிருக்கறான்."

சொன்ன பிறகுதான் அகப்பட்டுக்கொண்டது தெரிந்தது. அவள் சேலையின் ஈரத்தைப் பிழிந்தாள். பிறகு,

"உங்க முட்டியையும் எழுதிப் போடுங்க. அதப் பாத்தா ஓடி வந்துருவான்."

"முட்டியக் காட்டிப் புள்ள புடிக்கறதா?"

"பின்ன எதக் காட்டிப் புடிப்பீங்க? உங்க படிப்பவா?"

வீட்டுக்கு நடந்தோம். அவளுக்காக நான் மெதுவாக நடப்பதாகத்தான் இதுவரை நினைப்பு. இன்று கவனித்தேன். அவள்தான் எனக்காக மெதுவாக நடக்கிறாள்.

ஆடி 22, செவ்வாய். அமாவாசை

கருவியைத் தொடவில்லை. செங்கோடன் வாசலில் நின்று, "மாமா, இன்னிக்கி முட்டி பாக்க நல்ல நாளுங்களா?" என்று கேட்டுவிட்டு ஓடினான்.

ஆடி 25, வெள்ளி

நேற்றும் இன்றும் சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். தறிச் சத்தம் நிற்கிற வீட்டில் நுழைவது, குழி விளிம்பிலேயே மண்டி போட்டு அளப்பது. அதே நாற்பது பேர். பாவாயி கூடவே வந்தாள்.

ஒருவரும் வேடிக்கை பேசவில்லை. செங்கோடன் இரண்டு கையையும் ஊன்றி ஏறினான். வயசு முப்பத்தொன்று. பாகைமானி காட்டியதை நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, கூடப் போட்டறாதீங்க. உள்ளதையே எழுதுங்க."

பழனியம்மாள், முப்பது வருஷமாகத் தறியில் இருக்கிறவள்: "எறங்கறப்ப ஒரு சாமி பேரு. ஏறறப்ப மூணு சாமி பேருங்க."

நாற்பது எண்ணிலும் அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம். சிலருக்குக் கொஞ்சம், சிலருக்கு நிறைய. இத்தனை வருஷம் இவர்களோடு இருக்கிறேன். திருவிழாவிலும் கல்யாணத்திலும் பார்த்த கால்களைத்தான் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து நானும் குழியில் இறங்கினேன். விளக்கு வைக்கும்வரை நெய்தேன். ஏறினதும் பாவாயி சட்டத்தை வைத்தாள். வலது பரவாயில்லை. இடது, மற்றவர்கள் மடக்குவதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். அவள் இரண்டு முறை வைத்துப் பார்த்தாள். மூன்றாம் முறை வைக்காமல் கையாலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எழுதினால் தூண்டில். எழுதாவிட்டால் பொய்க் கணக்கு. ஒரு தரம் தப்புக் கணக்கு அனுப்பியாயிற்று, அது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்வதாகும். எழுதினேன். எண் 41. வயசு 57. தறியில் 42 வருஷம். பேர் இல்லை.

ஓட்டையைப் பற்றி: "மை கொட்டிவிட்டது."

ஆடி 26, சனி

தபாலில் சேர்த்தேன். விளக்கெண்ணெய் மறந்துவிட்டது.

ஆவணி 14, வியாழன்

வெயில். காற்று நின்றுவிட்டது. நூல் அறுபடவில்லை.

பதில். ஒரே பக்கம்.

"அப்பா, இந்தப் பட்டியலைப் பெரியவர் இரண்டு தரம் வாசித்தார். நேரில் போய்ப் பார்க்க வேண்டிய விஷயம் என்கிறார். எண் 41-ஐ இனிமேல் யாரும் அளக்க வேண்டாம். அந்த முழங்கால் எனக்குத் தெரியும். சின்ன வயசில் அதன்மேல் உட்கார்ந்து தறி ஓட்டியிருக்கிறேன். வேலைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மை கொட்டினால் காகிதத்தில் ஓட்டை விழாது. அங்கே இருந்ததை எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்."

முழுவதும் வாசித்தேன், சத்தமாக. பாவாயி எழுந்து போய் அடுப்பில் இல்லாத பாலை இறக்கினாள்.

ஆவணி 15, வெள்ளி

தறியில் உட்காரவில்லை. காலையிலிருந்து ஒரு காகிதம். முதலில் சௌக்கியம் விசாரித்து எழுதினேன், கிழித்தேன். மழை நிலவரம் எழுதினேன், கிழித்தேன். பொடி டப்பாவைத் திறந்து, மூடி, திறந்து.

மத்தியானம் எழுதிவிட்டேன்.

"வா. அமாவாசையாக இருந்தாலும் பரவாயில்லை, வா."

"படிங்க," என்றாள்.

படித்தேன்.

காகிதத்தை வாங்கி இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "இப்பத்தானுங்க காயிதத்துக்கும் சத்தத்துக்கும் சரியா இருக்குது."

தபால் பெட்டி திறப்பது நாலு மணிக்கு. இப்போது மூன்றரை. என் நடைக்கு அரை மணி சரியாக இருக்கும்.