எட்டுக் கம்பியும் மாட்டியாயிற்று, மாப்ளே

பிரியமுள்ள காதர் மாப்ளே,

நீ கண்ணை மூடிய பிறகு உன் வீட்டுப் பக்கம் அவ்வப்போது போய்வருகிறேன். போன வெள்ளிக்கிழமை போனது உன் மாண்டலினுக்காக. அதற்குக் கம்பி மாற்ற வேண்டியிருந்தது. எந்தக் கம்பி போடுவது என்பதில் அலிமாவுக்கும் உன் மகள் ஜைனம்புக்கும் பேச்சு வளர்ந்துவிட்டது. என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி பத்திரிகையில் எழுதுவதுதான்.

மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். உத்தமபாளையத்தில் ராவுத்தர் வீட்டுக்காரர்களும் நாங்களும் முறை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வோம். நீ எனக்கு மாப்ளே, நான் உனக்கு மச்சான். உன் மனைவி அலிமா எனக்குத் தங்கச்சி. கூடப்பிறந்த தங்கச்சி எனக்குக் கிடையாது.

நீ ஏலக்காய் வாங்கக் குமுளி மலை ஏறிய நாட்களில், தோட்டத்தை விட்டுப் போன துரை ஒருவரின் சாமான்களோடு வந்தது அந்த மாண்டலின். முதுகு உருண்டிருக்காது, முன்னும் பின்னும் தட்டை. மேல்பலகை அப்பளம் மாதிரி. மடியில் வைத்துக்கொண்டு நாம் பேசினால் நம் பேச்சுக்கே அது அதிரும். அவ்வளவு லேசாகச் செய்த பெட்டிக்குக் கம்பியைப் பார்த்துத்தான் போட வேண்டும். கம்பி தடித்தால் சத்தம் கூடும், இழுப்பும் கூடும். அந்த இழுப்பு, கம்பிகளைத் தாங்கும் குதிரை வழியாகப் பலகையை அமுக்கும். ஒல்லிக் கம்பி போட்டால் பலகை பிழைக்கும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் கேட்கும்.

வீரபாண்டித் திருவிழா நாடகத்துக்கு உன்னை முதலில் கூப்பிட்டார்களே, நினைவிருக்கிறதா? ஒலிபெருக்கி இல்லாத காலம். ராஜபார்ட் ஐந்து கட்டைச் சுருதியில் பாட்டை எடுத்தால்தான் கடைசிக் கூட்டத்துக்குக் கேட்கும். உன் கம்பியையும் அந்த உச்சத்துக்கு ஏற்றினாய். ஆர்மோனியக்காரர் வேலுச்சாமி துருத்தியை அமுக்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"என்ன பாய், கொசு கிசு பறக்குதா? சத்தத்தையே காணோம்."

"கொசு கடிச்சாத்தாண்ணே தெரியும். பொறுங்க."

அந்த ரோஷத்தில்தான் இருப்பதிலேயே தடித்த கம்பியாக வாங்கி மாட்டினாய். சத்தம் வந்தது. கூடவே குதிரை நின்ற இடத்தில் பலகையில் பள்ளம் விழுந்தது. கம்பிகள் தாழ்ந்து, கழுத்தில் பதித்த மெட்டுக் கட்டைகளில் உரசின. கம்பத்து ஆசாரி உள்ளே ஒரு மரப்பட்டி ஒட்டிக் காப்பாற்றினார். "அடுத்த தடவ பொணமாக் கொண்டு வராதீக" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நீ செய்ததுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக நான்கு சோடி. கீழ்க்குரல் சோடிகள் இரண்டிலும் ஒவ்வொரு கம்பியைக் கழற்றினாய். மிச்சமான இழுப்பை மேல் சோடிக்குக் கொடுத்தாய். அதில் மட்டும் தடித்த கம்பி. கீழே சன்னம், மேலே கூர்மை. "பல்லுப் போன மாண்டலின்" என்று ஊரே சிரித்தது. ஆனால் வேலுச்சாமி எவ்வளவு அமுக்கினாலும் அந்த மேல் சோடி அவர் தலைக்கு மேலே ஏறிப் போனது. ராட்டினத்துப் பக்கம் நின்று கேட்டேன், மாப்ளே. அங்கேயும் உன் சத்தம் கேட்டது.

இப்போது யுத்த காலம். சீமைக் கம்பி வருவதில்லை. மதுரைக் கடையில் பழைய சரக்கில் தடித்த பொட்டலம் ஒன்றும் ஒல்லிப் பொட்டலம் ஒன்றும் இருந்தன. இரண்டையும் கொண்டு போய் உன் வீட்டில் வைத்தேன். துருப்பிடித்த உன் கம்பிகளை ஜைனம்பு கழற்றி வைத்திருந்தாள்.

அலிமா தடித்த பொட்டலத்தைத்தான் எடுத்தாள்.

"அவுக மாட்டுன மாதிரியே மாட்டிருங்கண்ணே. மேல தடிச்சது, கீழ ரெண்டு வேணாம். அந்தச் சத்தம் எனக்கு வேணும்."

ஜைனம்பு பலகையின் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்தாள். நூலுக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"பள்ளத்தப் பாரும்மா. இன்னொரு தடவ அமுங்குச்சுனா யாரு கையிலயும் நிக்காது."

"இத்தன வருசம் நின்டுச்சுல்ல?"

"அத்தா ஆர்மோனியத்தோட மல்லுக்கட்டுனாக. இங்கன யாரோட மல்லுக்கட்ட? நீயும் நானும் ஒரு பூனையும்தான இருக்கோம்."

"வாயப் பாருங்கண்ணே. அப்படியே அத்தாதேன்."

"மாமா, நீங்களே சொல்லுங்க" என்றாள் ஜைனம்பு.

அலிமாவின் பக்கம் பேசத்தான் வாயெடுத்தேன். உன் வாசிப்பைக் கேட்க எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? இன்னொரு தடவை, ஒரே ஒரு பாட்டு. கட்டை விரலால் பலகையை லேசாக அழுத்திப் பார்த்தேன். அழுத்தின இடம் உள்ளே போய், நிதானமாக மேலே வந்தது. ஒல்லிப் பொட்டலத்தை ஜைனம்பு கையில் கொடுத்தேன். அலிமா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எட்டையும் ஜைனம்பே மாட்டினாள், மாப்ளே. சன்னக் கம்பி என்பதால் எட்டுக்கும் பலகை தாங்கும். அவள் குரலுக்கு ஐந்து கட்டை எதற்கு? நன்றாக இறக்கிச் சுருதி சேர்த்தாள். கீழ்ச் சோடிகள் இரண்டும் முழுசாகச் சேர்ந்து ஒலித்தபோது குனிந்து பெட்டிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டு போனேன். அந்தப் பெட்டிக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்தது நமக்குத் தெரியாமலே போயிற்றே. நாடகம் நாடகம் என்று ஓடியதில் நீ அதைக் கேட்கவே இல்லையே?

அலிமா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இது அவுக இல்ல" என்றாள்.

ஜைனம்பு கையை எடுத்துவிட்டாள்.

"நிறுத்தவா சொன்னேன்? வாசி ஆத்தா."

சொல்லிவிட்டு மகளுக்குப் பக்கத்தில் வந்து, முழங்கால் இடிக்கிற அளவு நெருங்கி உட்கார்ந்தாள். தள்ளி இருந்தால் கேட்காது.

மாப்ளே, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் மகள் வாசிக்கும்போது "உங்க அத்தா இப்படி வாசிப்பாக" என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன். மதுரைக்குப் போகும்போதெல்லாம் ஒல்லிக் கம்பி தேடுவேன். தடித்த பொட்டலத்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். என் மேசையில் கிடந்தால் எனக்கே ஆசை வந்துவிடும்.

இங்கே அலிமாவுக்கு அண்ணனாகவும்,
உனக்கு எப்போதும் மச்சானாகவும் இருக்கும்,
சின்னச்சாமி