ராணிக் கோட்டை மேலே நின்று அம்மா பார்த்தது

இயேசு மரி சூசை

சாந்தோம், சென்னை-4
2-6-1974

அன்பு மகள் ஃப்ளோரன்ஸுக்கு உன் அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நாங்கள் நலம், நீ நலமா என்று தொடங்குவதுதான் வழக்கம். முதல் பாதியை எழுத இந்தத் தடவை கை வரவில்லை, அதனால் இரண்டாவது பாதியை மட்டும் கேட்கிறேன், நீ நலமா? ஜெர்மனியில் இன்னும் குளிர்தானா, ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி குறைந்ததா? வேளாவேளைக்குச் சாப்பிடு, ரொட்டியை மட்டும் தின்று காலம் தள்ளாதே.

ஈஸ்டர் லீவில் தோழிகளோடு போய் ஒரே நாளில் மலை மேல் இருக்கிற இரண்டு கோட்டையும் ஓர் அரண்மனையும் பார்த்துவிட்டு வந்ததாக எழுதி, சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு கோட்டை வாசலில் நிற்கிற போட்டோவும் அனுப்பியிருந்தாயே, அதை உன் அம்மா தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தாள். கடிதத்தை மட்டும் என்னைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வாள், கண்ணாடி மாற்ற வேண்டும், கண்ணில் பூச்சி பறக்கிறது என்று சாக்கு. ஆசையில் கேட்கிறாள் என்று நானும் படித்துக்கொண்டே இருந்தேன், மடையன். போன மாதம் கோயில் சபைக்காரர்களோடு பஸ்ஸில் வேளாங்கண்ணிக்குப் போனோம். திரும்பும்போது செஞ்சிக் கோட்டையையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று எல்லாரும் சொன்னதும் உன் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. என் பெண் ஏறின மாதிரி நானும் ஒரு மலைக் கோட்டையில் ஏறியே தீருவேன் என்று ஒரே பிடிவாதம். ராஜா கோட்டை நம் மூட்டுக்கு ஆகாது என்று சொல்லி, எதிரே சின்ன மலை ஒன்று இருக்கிறது, ராணிக் கோட்டை என்கிறார்கள், அதற்குக் கூட்டிப்போனேன். மே மாத வெயில், மண்டை காய்ந்தது. ஒவ்வொரு படியையும் காலால் துழாவித் துழாவி ஏறினாள். மூட்டு வலி என்று நினைத்து, இதற்குப் பேசாமல் வீட்டிலேயே கிடந்திருக்கலாமே என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே போனேன்.

உச்சியில் குவிமாடம் வைத்த ஒரு மண்டபம், ஆளையே தூக்குகிற காற்று. எதிரே ராஜா கோட்டை, கீழே அடுக்கடுக்காகக் கல்யாண மகால். நான் கையை நீட்டி, மர்சலின், அதோ பார் ராஜா கோட்டை என்றேன். ரொம்ப அழகா இருக்குங்க என்றாள். ஃப்ளோரி, அவள் மண்டபத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் சுவர்.

உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் மழுப்பினாள், அப்புறம் அழுதாள். கண்ணுக்குள் அழுத்தம் இருக்கிறது, ஒரு நாள்கூட விடாமல் சொட்டு மருந்து போட வேண்டும் என்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். தவக்காலம் தொடங்கின விபூதிப் புதனன்று, இனிமேல் மருந்தை நானே போட்டுக்கொள்கிறேன் என்றாள், நானும் சரி என்று விட்டேன். தவக்காலத்துக்குக் கறியை விடுவார்கள், காப்பியை விடுவார்கள். இவள் மருந்தையே ஒறுத்தலாக விட்டிருக்கிறாள், நீ ஊருக்கு வரவேண்டும் என்று. "காப்பியை விட்டுட்டு மகளைக் கேட்டா மாதா குடுப்பாங்களா? பெருசா எதையாவது விட்டாத்தானே கேக்க முடியும்" என்றாள். ஈஸ்டருக்கு நீ வரவில்லை, இன்னும் ஒரு வருஷம் வேலையை நீட்டிக்கொண்டேன் என்று அந்தப் போட்டோ வந்த கடிதத்திலேயே எழுதியிருந்தாய். அதனால் ஈஸ்டர் முடிந்தும் மருந்தைத் தொடவில்லை. இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் எந்த வீட்டிலாவது நடக்குமா? எந்த மாதா இதைக் கேட்டாள்?

ஊர் வந்ததும் ஆழ்வார்பேட்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினேன். இடது கண் போய்விட்டது, வலது கண்ணில் நிழலாட்டம் கொஞ்சம் மிச்சம். போனது போனதுதான், மிச்சத்தை மருந்து நிறுத்தி வைத்தால் உண்டு, அதுவும் நிச்சயமில்லை என்கிறார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அப்படி நான் இப்போது நேரம் தவறாமல் மருந்து போடுகிறேன். சமையலும் நான்தான். நான் வைக்கிற குழம்பை வாயில் வைக்க முடியாது, அவள் நன்றாயிருக்கிறது என்று சாப்பிடுகிறாள், அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. செபமாலைக்கு உட்கார்ந்தால் வாய் வருவதில்லை. யாரிடம் போய் என்னத்தைக் கேட்பது?

உன் தலையில் பழியைக் கட்ட இதை எழுதவில்லை, வேறு யார் தலையில் கட்டுவது என்றும் தெரியவில்லை. கண் விஷயத்தை உனக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதை மீறித்தான் எழுதுகிறேன். இனிமேல் போட்டோ அனுப்பாதேம்மா. முடியுமானால், உன் முகம் அவளுக்கு நிழலாகவாவது தெரிகிறபோதே வந்துவிடு. எனக்கென்று கேட்கத் தெம்பில்லை, உனக்காகக் கேட்கிறேன், மாதா உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

இதை முடிக்கிற நேரத்தில் உன் அம்மா வந்து, செஞ்சிக்குப் போன கதையா எழுதுகிறீர்கள், நானும் ஒரு வரி எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டாள். கடிதத்தின் நடுவில், நான் எழுதியதன் மேலேயே கோணலாக, பெரிய பெரிய எழுத்தாக ஏறியிருப்பது அவள் எழுத்து. எனக்கு ஒரு குறையும் இல்லை, கோட்டையெல்லாம் நன்றாகப் பார்த்தேன், வேலையைக் கெடுத்துக்கொண்டு வரவேண்டாம் என்று எழுதியிருக்கிறாள். நீ அதற்கு அடியில் இருக்கிற என் எழுத்தைப் படி.

உன் அப்பா,
ஆம்ப்ரோஸ்